அப்பாவுக்கு அம்மா முதலாளி

லெட்டியின் வீட்டில் அம்மாதான் முதலாளி, அப்பா வேலைக்காரர்.

இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. அரசாங்க முத்திரை குத்திய காகிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. ‘கைதி ஏபெல் கார்த், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். முதலாளி, திருமதி சூசன் கார்த்.’ அந்தக் காகிதம் மாவு டப்பாவுக்கு மேலே, எலி எட்டாத உயரத்தில் செருகியிருந்தது.

இங்கிலாந்தில் வேலை கிடைக்காத ஒரு குளிர்காலத்தில், அப்பா ஒரு பணக்காரருடைய குதிரை லாயத்தின் கூரையிலிருந்து ஈயத் தகட்டைக் கழற்றி விற்கப் பார்த்தார். விற்பதற்கு முன்பே பிடிபட்டார். ஏழு வருடத் தண்டனை. கப்பலில் ஏற்றி, உலகத்தின் அடுத்த பக்கத்துக்கு, நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது லெட்டிக்கு ஐந்து வயது.

மூன்று வருடம் கழித்து அம்மா, லெட்டியைக் கூட்டிக்கொண்டு தானாகவே கப்பலேறி வந்தார். ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், பண்ணை வேலைக்கு ஒரு கைதி வேண்டும் என்று அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடலாம். அம்மாவும் போட்டார்.

“எந்த மாதிரி ஆள் வேணும்?” என்று கேட்டார் குமாஸ்தா.

“என் வீட்டுக்காரரைக் குடுங்க” என்றார் அம்மா.

குமாஸ்தா சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

முதலாளி சாப்பாடும் துணியும் தர வேண்டும், வேலைக்காரர் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் சட்டம். “நம்ம ஊர்லயும் இப்படித்தானே இருந்தேன்?” என்பார் அப்பா. லெட்டிக்கு இப்போது பத்து வயது. வீட்டில் யாருக்கும் அந்தக் காகிதம் இருப்பதே ஞாபகத்தில் இல்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் கிரிம்ஷாவுக்கு மட்டும் அது நன்றாக ஞாபகம் இருந்தது.

கிரிம்ஷாவிடம் எட்டுக் கைதிகள் வேலை செய்தார்கள். ஒருவர் லண்டனில் ஜேப்படி செய்தவர், இன்னொருவர் முடிதிருத்துபவர், மற்றொருவர் பாட்டுப் பாடுவார். ஒருவருக்கும் சக்கரம் செய்யத் தெரியாது. அவருடைய மூன்று வண்டிகளில் இரண்டு, சக்கரம் உடைந்து கவிழ்ந்து கிடந்தன. ஏபெலை எனக்குக் கொடுங்கள் என்று இரண்டு முறை எழுதிப் பார்த்தார். ‘அந்த ஆள் தப்பு செய்து, அவருடைய முதலாளியால் அவரை அடக்க முடியவில்லை என்று தெரிந்தால் மட்டும் மாற்றித் தருவோம்’ என்று பதில் வந்தது.

நவம்பர் மாதத்தின் கடைசி. அந்த ஊரில் அது கோடைக்காலம், வெயில் கொளுத்தியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பியதும், அம்மா ஒரு பெரிய சட்டியை மேசை மேல் வைத்தார். மாவு, மாட்டுக் கொழுப்பு, உலர்ந்த திராட்சை, சர்க்கரைப் பாகு எல்லாம் அதில் விழுந்தன. கிறிஸ்துமஸ் புட்டிங் செய்வதற்கு.

“கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே?” என்றார் அப்பா.

“இன்னைக்குத்தான் கிண்டணும். எங்கம்மா இந்த ஞாயித்துக்கிழமைதான் கிண்டுவாங்க. அவங்கம்மாவும் அப்படித்தான். கப்பலேறி வந்துட்டா நாள் மாறிடுமா?”

வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கிண்ட வேண்டும், மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும். அது வழக்கம். லெட்டி முக்காலி மேல் ஏறி நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிண்டினாள். ஒரு குதிரை வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். குதிரை கொஞ்சம் பேராசையோ என்று தோன்றியதால், கடைசி நிமிடத்தில் கழுதை என்று மாற்றிக்கொண்டாள்.

பிறகு அப்பா கிண்டினார். அம்மா கிண்டினார். மாவைத் துணியில் போட்டு மூட்டையாகக் கட்டினார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

“ஏபெல், வெளியடுப்பைப் பத்த வை. ஆறு மணி நேரம் வேகணும்.”

அப்பா எட்டிப் பார்த்தார். கோழிகள் அலகைப் பிளந்துகொண்டு நிழலில் கிடந்தன.

“இந்த வெயில்லயா? புட்டிங் வேகறதுக்கு முன்னாடி நான் வெந்துடுவேன்.”

“நம்ம ஊர்ல வேக வைக்கலியா?”

“நம்ம ஊர்ல வெளிய பனி கொட்டும். அடுப்புப் பக்கத்துல உக்கார இடம் பிடிச்சோம். இங்க பானையை வெயில்ல வச்சாலே போதும், தானா கொதிக்கும்!”

“பத்த வைன்னு சொல்றேன்ல?”

“மாட்டேன்.”

“என்னது?”

“மாட்டேன்னா மாட்டேன்! நீ என்ன எனக்கு முதலாளியா?”

சொன்ன வேகத்தில் அப்பாவே வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா மெதுவாகத் திரும்பி, மாவு டப்பாவுக்கு மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். லெட்டியும் பார்த்தாள்.

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிரிம்ஷா நின்றிருந்தார். காணாமல் போன பன்றியைத் தேடி வந்தவர், திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நீ என்ன எனக்கு முதலாளியா?’ என்பது காதில் விழுந்ததும், பன்றியை மறந்துவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார். சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை அவர் அங்கே நிற்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கான்ஸ்டபிள் பிம் வந்தார். அவரும் ஒரு காலத்தில் கைதியாக வந்தவர்தான், ஒரு ஜோடி பூட்ஸைத் திருடியதற்காக. கைதி சொல்வதெல்லாம் பொய் என்று நினைக்காத ஒரே கான்ஸ்டபிள்.

“முதலாளியம்மா, உங்க வேலைக்காரர் மேல புகார் வந்திருக்கு.”

“நான் புகாரே குடுக்கலியே?” என்றார் அம்மா.

“கிரிம்ஷா குடுத்திருக்கார். சொன்ன வேலையைச் செய்ய மாட்டேன்னாராம், முதலாளியையே எதுத்துப் பேசினாராம். திங்கக்கிழமை காலைல தன் கண்ணால பாத்தேங்கறார்.”

“திங்கக்கிழமையா? அது ஞாயித்துக்கிழமை நடந்தது!” என்று கத்தினாள் லெட்டி.

பிம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அங்கதான் இருக்கு விஷயம், பாப்பா. சனிக்கிழமை மத்தியானமும் ஞாயித்துக்கிழமையும் கைதியோட சொந்த நேரம். அப்ப யாரும் அவருக்கு முதலாளி இல்ல. வாயத் திறந்தாலும் குத்தம் இல்ல. ஆனா திங்கள்னு ஆயிட்டா இருபத்தஞ்சு சவுக்கடி. அப்புறம் வேற முதலாளி.”

“வேற முதலாளின்னா யாரு?”

“யாரு புகார் குடுத்தாரோ அவர்தான். ரெண்டு வண்டி உடைஞ்சு கிடக்குல்ல?”

அப்பா கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார், தொப்பியை எடுத்துக்கொண்டார், பிம்முடன் நடந்தார்.

லெட்டி வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். அப்பா இல்லாமல் மூன்று வருடம் இருந்தவள் அவள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்தார். பிறகு, “அப்பா அப்படிச் சொல்லவே இல்லன்னு சொல்லிடலாமா?” என்று கேட்டார்.

லெட்டி யோசித்தாள். “வேண்டாம்மா. சொன்னதைச் சொல்லலன்னு நாம மழுப்பினா, ஞாயித்துக்கிழமைன்னு சொல்றதையும் நம்ப மாட்டாங்க.”

“நிஜத்தைச் சொன்னாலும் நம்பணுமே. நாமெல்லாம் வீட்டு ஆளுங்க.”

நம்மைத் தவிர வேறு யாருக்கு அது ஞாயிற்றுக்கிழமை என்று தெரியும்? படுத்த பிறகும் லெட்டி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கிரிம்ஷாவுக்குத் தெரியும். அவர் சொல்லப்போவதில்லை.

வியாழக்கிழமை காலை வழக்கு வந்தது. ஊரில் இருந்த ஒரே கல் கட்டடத்தில் மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார். குண்டானவர். கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்து தொங்கியது. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு குமாஸ்தா.

“இவர் உங்க வேலைக்காரரா?” என்று அம்மாவைக் கேட்டார் மாஜிஸ்திரேட்.

“ஆமாங்கய்யா.”

“புருஷனா?”

“அதுவும்தாங்க.”

“வேலை சொன்னதுக்கு ‘மாட்டேன்’னாரா?”

“சொன்னார்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“‘நீ என்ன எனக்கு முதலாளியா?’ன்னு கேட்டாரா?”

“கேட்டார். நானும் கத்தினேன். ஆனா அது ஞாயித்துக்கிழமைங்கய்யா.”

கிரிம்ஷா எழுந்தார். பைபிள் மேல் கை வைத்தார். “திங்கக்கிழமை காலை. என் பன்றியைத் தேடிப் போனப்ப பாத்தேன்” என்றார். பேச்சில் பன்றியும் வந்த பிறகு, கேட்பதற்கு நிஜம் போலவே இருந்தது.

மாஜிஸ்திரேட் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ஞாயிறுன்னா வழக்கே இல்ல. திங்கள்னா தண்டனை உண்டு. புருஷனுக்காகப் பெண்டாட்டி பேசத்தான் செய்வாங்க. இவர் வெளி ஆள், சத்தியம் வேற பண்ணியிருக்கார்.” பேனாவை எடுத்து மையில் தோய்த்தார்.

லெட்டி எழுந்து நின்றாள்.

“ஐயா, நான் அவர்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?”

“நீ யாரு?”

கைதியின் மகள் என்று சொன்னால் உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று லெட்டி பயந்தாள். “முதலாளியோட பொண்ணுங்கய்யா” என்றாள்.

குமாஸ்தா இருமுவது போலச் சிரிப்பை அடக்கினார். “கேளு, சீக்கிரம்” என்றார் மாஜிஸ்திரேட்.

லெட்டி கிரிம்ஷாவைப் பார்த்தாள். “நீங்க நிஜமாவே எங்க வீட்டைப் பாத்தீங்களா? இல்ல, யாராவது சொல்லிக் கேட்டதா?”

கிரிம்ஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரோ சொல்லிக் கேட்டதா? எல்லாத்தையும் இந்தக் கண்ணால பாத்தேன்!”

“அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?”

“முக்காலி மேல நின்னு, பெரிய சட்டியில மாவு கிண்டிட்டிருந்தே.”

“எப்படிக் கிண்டினேன்?”

“கண்ணை இறுக்க மூடிக்கிட்டு! சட்டிக்குள்ள விழுந்துடுவேன்னு நெனச்சேன். அப்புறம் உங்கப்பன் கரண்டியை வாங்கினான். அவனும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கிண்டினான். அப்புறம் உங்கம்மா. அது முடிஞ்சதும்தான் சண்டை. போதுமா? பாக்காம இதெல்லாம் சொல்ல முடியுமா?”

மாஜிஸ்திரேட்டின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. மை ஒரு சொட்டு விழுந்தது.

“என்ன சொன்னீங்க? கண்ணை மூடிக்கிட்டா? மூணு பேருமா?”

“மூணு பேருமேதான். நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?”

“ஐயா” என்றாள் லெட்டி, “உங்க வீட்ல புட்டிங் என்னைக்குக் கிண்டினாங்க?”

மாஜிஸ்திரேட்டை யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“ஞாயித்துக்கிழமை” என்றார். “தேவாலயத்துலருந்து வந்ததும். நானும்தான் கிண்டினேன்.”

“என்ன வேண்டிக்கிட்டீங்க?”

“அதைச் சொல்லக் கூடாது. சொன்னா நடக்காது.” பிறகு அவருக்கு, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. குமாஸ்தா பக்கம் திரும்பினார். “உங்க வீட்ல?”

“ஞாயிறுதாங்கய்யா.”

“பிம்?”

“எனக்கு வீடுன்னு ஒண்ணு இல்லீங்க. சத்திரத்துல அந்தம்மா கிண்டினப்ப நானும் ஒரு கிண்டு கிண்டினேன். அதுவும் ஞாயித்துக்கிழமைதான்.”

“கிரிம்ஷா, உங்க வீட்ல?”

கிரிம்ஷாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. புட்டிங்கைச் சாப்பிடத் தெரியுமே தவிர, சமையலறைப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. “கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சமையல்காரன் கொண்டாந்து வைக்கிறான், சாப்பிடறேன். அவன் அதை என்னைக்குக் கிண்டினா எனக்கென்ன?”

“உங்களுக்கு இல்லாம இருக்கலாம். இந்த வழக்குக்கு இருக்கு” என்றார் மாஜிஸ்திரேட். “வருஷத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் அதைக் கிண்டுவாங்க. அதைத் திங்கக்கிழமை கிண்டற பொம்பளை இங்கிலாந்துலயும் கிடையாது, இங்கயும் கிடையாது. கிண்டியிருந்தா என் மாமியார் கல்லறையிலருந்து எழுந்து வந்திருப்பாங்க.”

கிரிம்ஷாவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. “நாள்... நாள் கொஞ்சம் குழம்பியிருக்கலாம்” என்றார்.

“நாள் குழம்பறவர் பைபிள் மேல கை வைக்கக் கூடாது. அதுக்கும் தண்டனை இருக்கு, தெரியுமா?”

கிரிம்ஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய ஆள், இப்போது சிறியவராகத் தெரிந்தார். லெட்டிக்கு அவர் மேல் கோபம் இருந்தது. ஆனாலும், அங்கே தனியாக நின்ற அவரைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

“சக்கரம் சரி பண்ணணும்னா எங்கப்பாகிட்டயே கேட்டிருக்கலாமே?” என்றாள். “சனிக்கிழமை மத்தியானம் அப்பா சும்மாதான் இருக்காங்க. மீன் பிடிக்கறேன்னு ஆத்துக்குப் போவாங்க. ஒரு மீன்கூட வராது.”

“ஒண்ணு வந்துச்சு” என்றார் அப்பா. புதன்கிழமைக்குப் பிறகு அவர் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மாஜிஸ்திரேட் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் சக்கரம் சரி செய்து தர அப்பா ஒத்துக்கொண்டதால், கிரிம்ஷாவை எச்சரித்து விட்டுவிட்டார். பிறகு மை சொட்டிய காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

“ஏபெல் கார்த், நீங்க போகலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. உங்க தண்டனை முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பெண்டாட்டிகூடச் சண்டை போடணும்னா ஞாயித்துக்கிழமை போடுங்க. வார நாள்ல வாயைத் திறந்தீங்கன்னா, வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“புரிஞ்சுதுங்கய்யா.”

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். அம்மா, அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் லெட்டி அழுதாள். எல்லாம் முடிந்த பிறகு ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. அப்பா அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் அவள் இறங்கவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் அப்பா தங்கமான வேலைக்காரராக இருந்தார்.

திங்கட்கிழமை, அவருடைய ரம்பம் வைக்கும் பலகையில் அம்மா ஆட்டைக் கட்டிப் போட்டார். ஆடு பலகையைக் கீழே தள்ளிவிட்டது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, வேலியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “சரிங்க முதலாளியம்மா. ஞாயித்துக்கிழமை பேசிக்கறேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை கஞ்சி அடிப்பிடித்தது. “ஞாயித்துக்கிழமை” என்றார் அப்பா.

புதன்கிழமை, அவருடைய நல்ல உளியால் அம்மா டப்பா மூடியைத் திறந்தார். உளியின் முனை மழுங்கிவிட்டது. அப்பா வெளியே போய், ஆற்றைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். வியாழனன்று ஒன்று, வெள்ளியன்று ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் கிரிம்ஷாவின் பண்ணைக்குப் போய் முதல் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும், அம்மா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

“ம், ஆரம்பி. ஆறு நாளா சேத்து வச்சிருக்கியே.”

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். மூடினார். கூரையைப் பார்த்தார்.

“நிறைய இருந்துச்சு. திங்கக்கிழமை ஒண்ணு... புதன்கிழமை பெருசா ஒண்ணு...” நெற்றியைத் தேய்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். “லெட்டி, உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?”

லெட்டிக்கு ஐந்தும் வரிசையாக ஞாபகம் இருந்தன.

“இல்லையேப்பா” என்றாள்.